குப்பைக்குத் தப்பிய அட்டைகள்

பனியன் மடிப்பவர்களுக்கு அட்டையின் பயன் தெரியும். மண்ணரையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் குடும்பங்களில் இவ்வேலையை அறியாதார் மிகச் சிலரே. மேசைமீது பனியனைப் பரப்புவர். நடுவே ஓர் அட்டையை வைப்பர். அதன் அளவிற்கு நான்கு புறமும் மடித்துப் பெட்டியில் அடுக்குவர். அட்டை இல்லையேல் துணி தொய்ந்து போகும். கடையில் எடுத்துக்காட்ட முகம் இராது. வாங்கியவரோ வீடு சென்றதும் பனியனை உடுத்திக்கொண்டு அட்டையை எறிந்துவிடுவார். 1925ஆம் ஆண்டில் ஜனாப் குலாம் காதர் அவர்கள் திருப்பூரின் முதல் பனியன் ஆலையை நிறுவினார். அன்று தொடங்கிய தொழில் இன்று உலகெங்கும் பரவிய பின்னும், அந்த அட்டையை எடுத்து வைத்தவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

இதே வேலைக்காகப் பிறந்து, இதே போல் எறியப்பட்டுப் பின்னர் உலகமே தேடியலைந்த மற்றொரு அட்டை உண்டு. விளையாட்டு வீரர்களின் உருவம் அச்சிட்ட சிற்றட்டைதான் அது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில் இவ்வினத்தைச் சேர்ந்த அட்டை ஒன்று ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. நம் பணத்தில் அது ஏறத்தாழ நூறு கோடி ரூபாய். உள்ளங்கையில் அடங்கும் காகிதத் துண்டிற்கு இவ்விலை எவ்வாறு வந்தது? கையில் காசு குறைந்தவன் இதில் நுழைய இடமுண்டா? இவ்விரு வினாக்களுக்கும் அதன் வரலாற்றிலேயே விடை கிடக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தார் கூறும் ‘கார்டு’ என்ற சொல், கிரேக்க மொழியின் ‘கார்த்தேஸ்’ என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் எழுதப்படும் ஏட்டைக் குறித்து வரும் ‘கிர்தாஸ்’ என்ற சொல்லும் அதே கிரேக்க மூலத்தினின்று அரபிக்கு வந்ததென மொழியறிஞர் கூறுவர். மதரஸாவில் ஓதும் பிள்ளையின் ‘கிர்தாஸும்’ தெருவில் ஆடும் பிள்ளையின் ‘கார்டும்’ ஒரே குடும்பத்தவை. இது நிற்க.

1880களில் அமெரிக்காவில் பான்சாக் என்ற இளைஞர் அமைத்த சிகரெட் சுற்றும் இயந்திரம் பயனுக்கு வந்தது. பத்து மணி நேரத்தில் இலட்சத்திற்கு மேற்பட்ட சிகரெட்டுகளை அது சுற்றித் தள்ளிற்று. கையால் சுற்றிய தொழிலாளர் நிலை என்னவாயிற்று என்பது தனிக் கதை. இயந்திரம் வந்த எல்லா ஊர்களின் கதையும் அதுவே. சரக்குப் பெருகியதும் விற்பனைப் போட்டி எழுந்தது. அக்காலத்துச் சிகரெட் உறை மெல்லிய காகிதத்தாலானது. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். ஆகவே உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினர். வெற்று அட்டையாக ஏன் செருகவேண்டும், படம் அச்சிட்டால் விளம்பரமும் ஆகுமே என்று ஒருவருக்குத் தோன்றியது. கல்லச்சு முறையில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அச்சிடும் கலை அப்போது நன்கு வளர்ந்திருந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலிருந்த ஆலன் அண்ட் கிந்தர் நிறுவனம் 1887இல் உலக வெற்றி வீரர்கள் ஐம்பதின்மரை அட்டைகளில் வெளியிட்டது. பேஸ்பால் ஆடுவோர், குத்துச் சண்டையாளர், மல்லர், துடுப்பு வலிப்போர், குறி பார்த்துச் சுடுவோர் எனப் பலரும் அதில் இடம் பெற்றனர். ஐம்பதையும் சேர்க்கவேண்டுமெனில் எத்தனை உறை வாங்கவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். வியாபாரியின் சூட்சுமம் அங்கேதான் இருந்தது.

கடல் கடந்து இங்கிலாந்தில் இவ்வழக்கத்தை வேரூன்றச் செய்தவர்கள் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் நிறுவனத்தார். 1896இல் கிரிக்கெட் வீரர் ஐம்பதின்மரின் அட்டைகளை அவர்கள் வெளியிட்டனர். கிரிக்கெட் அட்டைகளின் வரலாற்றில் அத்தொகுப்பிற்குத் தனியிடம் உண்டு. பிற்காலத்தில் நாட்டிங்காம் நகரத்து பிளேயர்ஸ் நிறுவனம் 1930, 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் ஐம்பது ஐம்பதாகக் கிரிக்கெட் வீரர் அட்டைகளை அச்சிட்டது. முன்புறம் வண்ணப் படம். பின்புறம் வீரரின் ஊரும் அவர் ஆடிய ஆட்டங்களும் எடுத்த ஓட்டங்களும் எட்டுப் பத்து வரிகளில். வீட்டில் புத்தகம் இல்லாத ஏழைத் தொழிலாளியின் பிள்ளைகள் இவ்வரிகளைப் படித்தே உலகத்தை அறிந்தனர் எனலாம். கப்பல்கள், பறவைகள், கொடிகள், தோட்டச் செடிகள் எனப் பொருள்தோறும் தொகுப்பு இருந்தது. சிகரெட் கடை வாயிலில் நின்று, வெளியே வருவோரிடம் அட்டையை மட்டும் தருமாறு கெஞ்சும் சிறுவர் கூட்டம் அந்நாட்டுத் தெருக்களில் அன்றாடக் காட்சியாயிற்று. தீங்கான பொருள் ஒன்று கல்வியின் உடையணிந்து வீட்டிற்குள் வந்தது என்பதை மறைத்துச் சொல்வதற்கில்லை.

நம் நாட்டு வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இவ்வட்டைகளில் உண்டு. அவற்றில் பெயர் பெற்ற இந்தியர் மூவர். முதல்வர் ரஞ்சித்சிங்ஜி. 1896 ஜூலையில் மான்செஸ்டரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டை ஆடி 62 ஓட்டங்களும், பின்னர் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்களும் எடுத்தவர். இரண்டாமவர் அவருடைய சகோதரர் மகன் துலீப்சிங்ஜி. 1930இல் லார்ட்ஸ் மைதானத்தில் 173 ஓட்டங்கள் எடுத்தார். மூன்றாமவர் பட்டோடி நவாப் இப்திகார் அலீகான். 1932 டிசம்பரில் சிட்னியில் தம் முதல் டெஸ்டிலேயே 102 ஓட்டங்கள் எடுத்தவர். 1934ஆம் ஆண்டு பிளேயர்ஸ் தொகுப்பில் அவருடைய படம் இருக்கிறது. மூவரும் இந்தியர், ஆயின் மூவரும் புகழ் பெற்றது இங்கிலாந்தின் தொப்பியை அணிந்து. ஆளும் நாட்டின் அணியில் ஆடியவர்க்கே ஆளும் நாட்டின் அட்டையில் எளிதாக இடம் கிடைத்தது. இப்திகார் அலீகான் 1946இல் இந்திய அணியின் தலைவராக இங்கிலாந்து சென்றபோது, அட்டை வெளியிடும் வழக்கமே அந்நாட்டில் ஓய்ந்திருந்தது.

1932 ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸில் தொடங்கிய இந்தியாவின் முதல் டெஸ்டை எடுத்துக்கொள்வோம். சி.கே. நாயுடுவின் தலைமையில் ஆடிய பதினொருவரில் முஹம்மது நிசார், வஸீர் அலீ, அவர் தம்பி நஸீர் அலீ, ஜஹாங்கீர் கான் என நால்வர் முஸ்லிம்கள். நிசார் முதல் இன்னிங்ஸில் 93 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரண்டாம் இன்னிங்ஸில் ஜஹாங்கீர் கான் நான்கு விக்கெட்டுகளை எடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1936 ஜூலையில், இந்தூரைச் சேர்ந்த முஷ்தாக் அலீ மான்செஸ்டரில் 112 ஓட்டங்கள் குவித்தார். வெளிநாட்டு மண்ணில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் அவரே. இவர்களுடைய முகத்தைக் காண விரும்பும் ஒருவர் சிகரெட் அட்டையை நம்பியிருக்க முடியாது. பழைய செய்தித்தாளையும் வார இதழையும் புரட்டவேண்டும். அது பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

1940இல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டினால் இங்கிலாந்தில் சிகரெட் அட்டைகள் நின்றன. அமெரிக்காவிலோ புகையிலையின் இடத்தைப் பபுள்கம் பிடித்துக்கொண்டது. 1952இல் டாப்ஸ் என்ற நிறுவனம் 407 அட்டைகள் கொண்ட பேஸ்பால் தொகுப்பை வெளியிட்டது. அதன் கடைசிப் பகுதி பருவம் கடந்து கடைக்கு வந்தமையால் விற்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தேங்கியவற்றை 1960 வாக்கில் ஒரு படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அத்தொகுப்பை வடிவமைத்த சை பெர்கர் என்பவரே பிற்காலத்தில் கூறினார். மேலே நூறு கோடி ரூபாய் என்று குறித்தேனே, அந்த மிக்கி மேண்டில் அட்டை கடலில் கொட்டப்பட்ட அதே பகுதியைச் சேர்ந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய அட்டைகளுக்கு விலை ஏறுவதைக் கண்ட அமெரிக்கர்கள் 1980களின் பிற்பகுதியில் புதிய அட்டைகளை முதலீடாகக் கருதி மூட்டை மூட்டையாக வாங்கிப் பூட்டினர். நிறுவனங்களும் கணக்கின்றி அச்சிட்டன. எல்லோரும் சேமித்தமையால் எதுவும் அரிதாகவில்லை. அவற்றிற் பெரும்பாலானவை இன்று வாங்கிய காசுக்கும் பெறா. அன்னையர் கூட்டிப் பெருக்கி எறிந்த அட்டைகளே விலை பெற்றன. பெட்டகத்தில் பூட்டியவை காகிதமாகவே நின்றன.

விலை உயர்ந்த இடத்தில் வஞ்சகமும் நுழையும். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி வெளியிட்ட தொகுப்பில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை மிக அரிது. தம் படத்தை அச்சிட அவர் இசையாமையால் அச்சு நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் சிகரெட் வாங்கத் தம் படம் காரணமாகக் கூடாது என அவர் எண்ணினார் என்பாரும், பணம் தராமையே காரணம் என்பாரும் உளர். அவரே புகையிலை மென்றவர் என்பதால் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. எஞ்சியிருப்பவை அறுபது அளவில் இருக்கலாம். அவற்றுள் மிகத் தூய்மையானதெனப் புகழ் பெற்ற ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேன் கிரெட்ஸ்கி தம் கூட்டாளியோடு சேர்ந்து நான்கரை இலட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அட்டைகளின் தரத்தை மதிப்பிட அவ்வாண்டில் தோன்றிய நிறுவனமும் அதற்கு உயர்ந்த தரமளித்தது. 2007இல் அது 28 இலட்சம் டாலருக்கு விற்றது. 2013இல், அதனை முன்னர் விற்ற ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

ஹதீஸ் கலை ஓதியோர்க்கு ‘இஸ்னாது’ என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. வாசகம் எவ்வளவு அழகாயிருப்பினும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலியை ஆராயாமல் ஆலிம்கள் ஏற்பதில்லை. இடையில் ஒருவர் ஐயத்திற்குரியவர் எனில் முழுச் சங்கிலியும் தளரும். காகிதத்தின் பளபளப்பைப் பார்த்துத் தரம் எழுதியவர்கள், அது கைமாறி வந்த வழியைக் கேட்டிருந்தால் இவ்வஞ்சகம் இத்தனை ஆண்டுகள் நின்றிராது. பழம்பொருள் வாங்குவோர் பொருளைப் பார்ப்பதற்கு முன் விற்பவரைப் பார்க்கவேண்டும். இவ்விதி நூறு ரூபாய் அட்டைக்கும் பொருந்தும்.

இனி, காசு குறைந்தவர்க்கு வழி உண்டா என்ற வினாவிற்கு வருவோம். உண்டு. 1930களின் பிளேயர்ஸ் அட்டைகள் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டவை. அந்நாட்டுக் குடும்பங்கள் ஒரு பென்னி விலையுள்ள ஆல்பங்களில் அவற்றை ஒட்டிக் காத்தன. ஆகவே அவை இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஐம்பது அட்டைகள் கொண்ட முழுத் தொகுப்பைச் சில ஆயிரம் ரூபாயில் தருவிக்கலாம். மூலை மழுங்கியதையும் மடிப்பு விழுந்ததையும் பொருட்படுத்தாதவர் அதனினும் குறைத்து வாங்கலாம். மடிப்பு விழுந்த அட்டையிலும் பட்டோடியின் முகம் மாறுவதில்லை. பின்புறத்து வரிகளில் ஓர் எழுத்தும் குறைவதில்லை. 1896 தொகுப்பின் அசல் வேண்டுமெனில் இலட்சங்கள் வேண்டும். ஆயின் பழைய தொகுப்புகள் பலவற்றிற்கு மறுபதிப்புகள் வந்துள்ளன. மறுபதிப்பு என்று முதுகிலேயே பொறித்து விற்கப்படுவதை வாங்குவதில் இழுக்கில்லை. அதை அசல் என்று பிறர்க்கு விற்பதுதான் இழுக்கு. செல்வர்களுக்கும் ஒரு சொல்: ஒரே அட்டையில் பெரும் பொருளைக் கொட்டுவதைவிட, ஒரு நாட்டின் அல்லது ஒரு காலத்தின் அட்டைகளை முழுமையாகத் திரட்டுபவரே பின்வரும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகிறார் என்பது என் கருத்து.

கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாதவர்க்கு நம் தமிழகத்திலேயே ஒரு வழி இருந்தது, இன்னும் இருக்கிறது. சென்னையில் ‘ஹிந்து’ நிறுவனத்தார் 1947 முதல் 1968 வரை ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ என்ற வார இதழை நடத்தினர். 1978இல் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ வந்தது. அதன் நடுப்பக்க வண்ணப் படம் ஒட்டப்படாத மாணவர் விடுதிச் சுவர் அக்காலத்தில் அரிது. இவ்விதழ்களின் படங்களைக் கத்தரித்துப் பழைய கணக்கு நோட்டுகளில் ஒட்டி, கீழே நாளும் இடமும் ஓட்டங்களும் எழுதி வைத்த சிறுவர்கள் நம் ஊர்கள்தோறும் இருந்தனர். சிகரெட் அட்டையின் முன்புறமும் பின்புறமும் செய்த வேலையை அவர்கள் பசையும் பேனாவும் கொண்டு தாமே செய்தனர். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்து ஒரே நாளில் முடிந்தது. இத்தகைய செய்திகள் நம் மண்ணுக்குரியவை. அவற்றின் படங்களை அயல்நாட்டு அட்டையில் தேடுவதைவிட இந்நோட்டுகளில் தேடுவதே முறை. அத்தகைய நோட்டுகள் வீடு மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் கிலோக் கணக்கில் பழைய பேப்பர்க் கடைக்குப் போகின்றன. எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்க்கக் காசு வேண்டியதில்லை.

1980களின் இறுதியிலும் 1990களிலும் நம் பெட்டிக் கடைகளில் விற்ற ‘பிக் ஃபன்’ பபுள்கத்தோடு கிரிக்கெட் வீரர் படமும், ஓட்டங்களும் விக்கெட்டுகளும் குறித்த சிறு தாள்களும் வந்தன. குறித்த ஓட்டங்கள் சேர்ந்தால் பரிசு. அன்று சிறுவராயிருந்தோர் இன்று பிள்ளை பெற்றவர்கள். அத்தாள்களை இப்போது தேடுகின்றனர். அதன் பின் ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ போன்ற ஆட்ட அட்டைகள் மூடிய உறைகளில் வந்தன. உள்ளே யார் படம் என்பது திறந்த பின்னரே தெரியும். அரிய அட்டை வரும்வரை பிள்ளை வாங்கிக்கொண்டே இருக்கும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாமல் செய்யும் வணிகத்தை ஷரீஅத் ‘கரர்’ என்று குறித்து விலக்குகிறது. மூடிய உறை அதில் சேருமா என்பதை முஃப்திகள் ஆராய்ந்து கூறட்டும். பெற்றோர்க்கு நான் சொல்வது எளிது: உறையைத் தேடி வாங்காமல், வேண்டிய அட்டையைத் திறந்த நிலையில், விலை பேசி வாங்கச் செய்யுங்கள். செலவும் குறையும், பிள்ளைக்குக் கணக்கும் வரும்.

பாதுகாக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பசையிட்டு ஒட்டலாகாது; ரப்பர் வளையம் இட்டுக் கட்டலாகாது; ஓரம் நைந்துவிடும். மட்டமான பிளாஸ்டிக் உறை நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை நல்லது. மழைக்காலத்து ஈரமும் இராமபாணப் பூச்சியும் காகிதத்தின் பகைவர்கள். நம் முன்னோர் கித்தாபுகளின் இடையே வேப்பிலையும் வசம்பும் வைத்துக் காத்தனர். அட்டைகளைப் பொறுத்தவரை இலையை உறைக்குள் வைக்காமல் பெட்டியின் மூலையில் வைப்பது கறை படாமல் தடுக்கும்.

இக்கலையில் இருவர் பெயரை அறியவேண்டும். ஒருவர் ஆங்கிலேயரான எட்வர்டு வார்ட்டன் டைகர். இரண்டாம் உலகப் போரில் இரகசியப் பணி செய்தவர். பின்னர்ச் சுரங்கத் தொழிலில் உயர்ந்த செல்வர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட சிகரெட் அட்டைகளைத் திரட்டினார். 1995இல் அவர் மறைந்தபின், அவர் எழுதிவைத்தபடி அத்தொகுப்பு இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குச் சென்றது.

மற்றவர் ஜெபர்சன் பர்டிக், அமெரிக்கர். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் மின்சாதன ஆலை ஒன்றில் வேலை செய்த தொழிலாளி. மணமாகாதவர். இளமையிலேயே மூட்டு வாதத்தால் கைகால் முடங்கத் தொடங்கியவர். கூலியில் மிச்சம் பிடித்து, பிறர் மதியாத அட்டைகளைச் சில்லறைக் காசுக்கு வாங்கிச் சேர்த்தார். சேர்த்ததோடு நில்லாமல், எது எந்த ஆண்டு, எந்த நிறுவனம், எந்தத் தொகுப்பு என ஆராய்ந்து 1939இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். வாக்னர் அட்டையைக் கோடீசுவரர்கள் இன்றும் ‘டி 206’ என்று குறிக்கின்றனரே, அக்குறி இத்தொழிலாளி இட்டது. 1947 முதல் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட தம் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்கு வழங்கலானார். விலை ஏதும் பெறவில்லை. பின்னர் அந்நகருக்கே குடியேறி, அருங்காட்சியகத்தில் ஒரு மேசையைப் பெற்று, வளையாத விரல்களால் ஒவ்வோர் அட்டையாக ஆல்பத்தில் ஒட்டினார். பசையிட்டு ஒட்டுவது தவறென்று மேலே எழுதினேன். அவர் ஒட்டியதால் இவ்வட்டைகளை எவரும் பிரித்து விற்க முடியாமற் போயிற்று என்பதையும் எழுதவேண்டும். அவர் சேர்த்தவற்றில் முப்பதாயிரம் அளவில் பேஸ்பால் அட்டைகள். வாக்னரும் அவற்றுள் ஒருவர். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மார்ச்சு மாதம் மருத்துவமனையில் இறந்தார். அவ்வருங்காட்சியகத்தில் இன்றும் அவருடைய அட்டைகளைத் தவணை முறையில் மாற்றி மாற்றிச் சுவரில் வைக்கின்றனர்.